ஒரே கூரை, இரண்டு அடுப்பு

பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறையில் அவளுக்கு ஜிப்பு என்று பெயர். பையின் வாய்க்கு ஜிப் வைத்துத் தைப்பது அவள் வேலை. நெளியாமல், இழுத்தால் சிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு தைப்பாள். கண்ணை மூடினாலும் வாயை மூட மாட்டாள் என்பதுதான் அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"ஊர்ப் பைக்கெல்லாம் ஜிப்பு வெக்கிறே. உன் வாய்க்கு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?" என்பார் பட்டறை மேஸ்திரி.

"என் வாய் சைசுக்கு இன்னும் ஜிப்பு வரலைண்ணே. வந்தா சொல்லுங்க," என்பாள் அவள். மிஷின் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு எழும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் இருக்கும் வரிசையில் யாருக்கும் மதியத் தூக்கம் வந்ததில்லை.

ஆனால் அதே வாய் ஒரு முறை வீட்டில் அடுப்பையே பிரித்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லாமல் ஜிப்புவைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவள் வாழ்க்கைப்பட்டது ஒரு கண்டக்டர் வீட்டில். மாமனார் ஆயுள் முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே சம்பாதித்து, உட்காருவதற்கென்று ஒரு வீட்டைக் கட்டியவர். முன்னறை ஒன்று, படுக்கையறை இரண்டு, சமையலறை ஒன்று. மாமியார் காலமாகிப் பல வருஷம். மூத்த மகனுக்குத் தண்ணீர் வாரியத்தில் நிரந்தர வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் தானாக வந்து நிற்கும். இளையவன், அதாவது ஜிப்புவின் கணவன், டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். ரோட்டில் ஆணி கிடந்தால்தான் இவர்களுக்குக் காசு. அவன் பேசவே மாட்டான். அவனுக்கும் சேர்த்து இவள் பேசியதால் அந்தக் குடும்பத்தில் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

சமையலறை மூத்த மருமகளின் ராஜ்யமாக இருந்தது. அவள் புருஷனுக்கு ரத்த அழுத்தம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன அன்றே அவள் உப்பு டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சமையலில் உப்பு என்பது கேள்விப்படுகிற பொருளாகிவிட்டது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே விழுங்கினார்கள். ஜிப்புவோ அப்போது முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். நாக்கு உப்புக்கு ஏங்கியது. ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க," என்று சொல்லிவிட்டாள்.

மூத்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "குப்பையா? நான் ஆக்கினது குப்பையா?"

"பழமொழி சொன்னேங்க்கா."

"பழமொழியைத் தனியா அடுப்பு வெச்சு ஆக்கித் தின்னுக்கோ."

உப்புப் பெறாத சண்டை என்பார்கள். இது உப்பினாலேயே வந்த சண்டை. மறுநாளே ஜிப்பு தன் சம்பளத்தில் ஓர் அடுப்பு வாங்கி, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தை ஒட்டிய ஒடுக்கத்தில் வைத்துக்கொண்டாள். அரிசி தனி, பருப்பு தனி, எண்ணெய் தனி, பாத்திரம் தனி. இரண்டு பெண்களுக்கும் இடையே மிஞ்சிய பேச்சு "தண்ணி வந்துருச்சு", "துணி காஞ்சுருச்சு" என்கிற அளவில் நின்றது. மாமனார் மட்டும் பகலில் மூத்தவள் சமையல், ராத்திரி இளையவள் சமையல் என்று இரண்டு பக்கமும் சாப்பிட்டார். பகலில் தின்ற சப்பென்ற சோற்றுக்கு ராத்திரி உப்பு ஈடுகட்டியது. அந்த வீட்டில் அடுப்பு பிரிந்ததால் லாபம் அடைந்த ஒரே ஆள் அவர்தான்.

இப்படியே மகள் பிறந்து, நடந்து, பேசவும் தொடங்கிவிட்டாள். அம்மாவின் வாய் அப்படியே வந்திருந்தது; உடம்பு மட்டும் ஈர்க்குச்சி. இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தபோது ஜிப்புவுக்கு மிஷினில் உட்கார்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னம்மா, உடம்புல ரத்தமே இல்லை. இப்படியே போனா பிரசவத்துல உனக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம். பொண்ணுக்கும் வயசுக்கேத்த எடை இல்லை."

ஜிப்புவுக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. பயந்துவிட்டாள். நர்ஸே அவளை உட்கார வைத்து விவரம் சொன்னாள். பிள்ளைத்தாச்சிக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் மாதாமாதம் முட்டை, பருப்பு, பால் பவுடர், சத்து மாவு எல்லாம் கொடுக்கிறது. உடம்புக்குத் தேவை என்று நர்ஸ் எழுதித் தருவாள். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா என்று ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

"பஞ்சர் கடை சம்பளமும் ஜிப்பு சம்பளமும் சேர்ந்தா வரம்புக்குப் பக்கத்துலகூட வராது சிஸ்டர்," என்றாள் ஜிப்பு. வாய் திரும்ப வந்துவிட்டது.

அதிகாரி வீட்டுக்கு வரப்போகிற சேதி மாமனார் காதில் விழுந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். கண்டக்டராக இருந்த காலத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் எழுந்த அதே வேகம்.

"அதிகாரி வர்றாங்கன்னா வீடு வீடா இருக்கணும். ஒரு வீட்ல ரெண்டு அடுப்பைப் பாத்தா என்ன நினைப்பாங்க? என் பிள்ளைங்களுக்கு ஒத்துமை இல்லைன்னு ஒரு வெளியாள் எழுதிட்டுப் போறதா? என் மானம் என்ன ஆகுறது?"

வீட்டுக்கு வீடு வாசப்படி என்று அவருக்கு யார் சொல்வது? ஜிப்புவுக்கே அந்த நேரத்தில் அது சரியென்றுதான் பட்டது. உதவி கேட்டு நிற்கிற இடத்தில் சண்டைக்காரி என்று பெயர் எடுக்க யாருக்குப் பிடிக்கும்? அவளும் மூத்தவளும் பல நாளைக்குப் பிறகு சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். பின்பக்கத்து அடுப்பின் மேல் சாக்கைப் போட்டு மூடி, அதன் மேல் அழுக்குத் துணிக் கூடையைத் தூக்கி வைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் கச்சிதமாக மறைத்தார்கள்.

அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. கறுப்புக் குடை, தோள்பை, வெயிலில் களைத்த முகம். வந்தபோது குடும்பமே முன்னறையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே பானையிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மூத்தவள், "நல்லா சாப்பிடும்மா, வயித்துல பிள்ளை இருக்கு," என்று ஜிப்புவின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். ஜிப்பு உப்பில்லாத அந்தச் சோற்றைச் சிரித்த முகத்தோடு விழுங்கினாள்.

"எல்லாரும் ஒரே சமையலா?" என்று கேட்டார் அதிகாரி.

"எங்க வீட்ல என்னிக்குமே எல்லாம் ஒண்ணுதான் மேடம்," என்றாள் ஜிப்பு. வாய் அதோடு நின்றதா? "அக்கா எனக்கு அம்மா மாதிரி," என்று கூடவே ஒரு போடு போட்டாள்.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு குடும்பமா!" என்று மனதாரச் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார் அதிகாரி. மாமனார் தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார். மூத்தவள் துணிக் கூடையை இறக்கி வைத்தாள்.

பதில் வந்தது. தகுதி இல்லை.

ஜிப்பு பட்டறைக்கு அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுச் சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். நர்ஸ் விசாரித்துச் சொன்னாள். ஒரே அடுப்பில் ஆக்கிச் சாப்பிடுகிற அத்தனை பேரும் ஒரு குடும்பம் என்பது விதி. அப்படிப் பார்த்தால் தண்ணீர் வாரியச் சம்பளமும் அவள் குடும்ப வருமானத்தில் சேர்ந்துவிடும். சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும்.

"ஆனா நாங்க ஒரே அடுப்பு இல்லையே சிஸ்டர்!"

"நீதானேம்மா சொல்லியிருக்கே? எல்லாம் ஒண்ணுதான்னு?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று ஜிப்புவுக்கு அன்று விளங்கியது. முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். மறுபடி ஒரு மனு போடலாம், ஆனால் அதுதான் கடைசி. அதிகாரி இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் வருவார், அவர் பார்ப்பதுதான் முடிவு என்றாள்.

அங்கேயே மறுமனுவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் முன்னறையிலேயே வெடித்தாள். "மாமா, உங்க மானத்தை ஒரு தட்டுல போட்டுக் குடுங்க. அதைத் தின்னா எனக்கு ரத்தம் ஊறுதான்னு பாக்குறேன்!"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். சமையலறை வாசலில் நின்ற மூத்தவள் கேட்டாள்: "ரத்தமா? ரத்தத்துக்கு என்ன?"

அவளுக்கு அதுவரை தெரியாது. பிள்ளைத்தாச்சி என்று கண்ணுக்குத் தெரிந்தது. உடம்பில் ரத்தம் இல்லை என்பது எப்படித் தெரியும்? தண்ணி வந்துருச்சு, துணி காஞ்சுருச்சு என்பதற்குள் அந்தச் சேதிக்கு இடம் இருக்கவில்லை. ஜிப்பு சொன்னாள். மூத்தவள் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஜிப்பு வேலையிலிருந்து வந்தபோது பின்பக்கத்து அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் மூடியிருந்தது. விளிம்பு நசுங்கிய, மூத்தவளின் எவர்சில்வர் பாத்திரம். திறந்தால் கீரையும் அவித்த முட்டையும். ஜிப்புவுக்குக் கோபம் முழுசாக ஆறவில்லை. ஆனால் பசியும் கோபமும் ஒரே வயிற்றில் எவ்வளவு நேரம் இருக்கும்? சாப்பிட்டாள். உப்பு இல்லை. தன் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, மகளுக்கும் ஊட்டிவிட்டு, மிச்சத்தை வழித்துத் தின்றாள். பாத்திரத்தைக் கழுவி, வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் அதில் இரண்டு வாழைப்பழம் வைத்து மூத்தவளின் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள்.

அது நிற்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை, மூன்று நாளைக்கு ஒரு முறை அந்த நசுங்கிய பாத்திரம் பின்பக்கம் வந்தது. வறுத்த கடலையோடோ, ஒரு கொய்யாவோடோ, பட்டறையில் மிஞ்சிய துணியில் ஜிப் வைத்துத் தைத்த சின்னப் பையோடோ முன்பக்கம் திரும்பியது. ஒரு நாள் கீரையைத் திறந்து, வழக்கம்போல உப்பு டப்பாவுக்குக் கையை நீட்டிக்கொண்டே ஒரு வாய் வைத்தவள், நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். உப்பு இருந்தது. அளவாக, அவள் நாக்குக்கு ஏற்ற மாதிரி இருந்தது. அன்று சாப்பிட்டு முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அதிகாரி வருகிற நேரத்தில் இந்தப் பாத்திரம் கண்ணில் பட்டால்? ஒரே சமையல் என்று மறுபடி எழுதிவிட்டால்? அதை ஜிப்பு மூத்தவளிடமே சொன்னாள். சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய முதல் பேச்சு, நாம் பிரிந்திருக்கிறோம் என்று எப்படிக் காட்டுவது என்பதைப் பற்றித்தான்.

மாமனார் வழி சொன்னார். செய்த பிழைக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்த மனுஷன். அலமாரியைக் குடைந்து தன் பழைய விசிலை எடுத்து வந்தார்.

"நான் வாசல்லயே உக்காந்திருக்கேன். தெருமுனைல அந்தக் குடை தெரிஞ்சா ஒரு விசில். ஸ்டாப்! பாத்திரம் இருந்த எடத்துலயே நிக்கணும். குடை போனதும் ரெண்டு விசில். ரைட், போலாம்."

பல நாள் காவல் நடந்தது. இரண்டு முறை விசில் ஊதப்பட்டது. ஒரு முறை பூக்காரி குடை பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னொரு முறை காப்பீட்டு ஏஜென்ட். தெருப் பிள்ளைகள் பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு நாள் வானம் மூடியிருந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அதிகாரி குடையை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். மாமனார் அவரை வாசலில் பார்த்து, "யாரைப் பாக்கணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டு, "உள்ளதான் இருக்காங்க, போங்க," என்று வழியும் விட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது குடையை, மனுஷியை அல்ல.

அதிகாரி நேராகப் பின்பக்கம் வந்து நின்றபோது மூத்தவள் அந்தப் பாத்திரத்தை ஜிப்புவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கையும் பாத்திரத்தின் மேலேயே நின்றுவிட்டது. வாசலில் அப்போதுதான் விஷயம் உறைத்து, காலங்கடந்து ஒரு விசில் கேட்டது.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

மூத்தவள் ஏதோ சமாளிக்க வாய் திறந்தாள். ஜிப்பு முந்திக்கொண்டாள். ஒரு தடவை நல்ல பெயருக்காகப் பொய் சொல்லிப் பட்டது போதும் என்று இருந்தது அவளுக்கு.

"கீரை மேடம். அக்கா குடுத்தாங்க. எனக்கு ரத்தம் இல்லைன்னு அப்பப்பக் குடுப்பாங்க. போன தடவை நான் சொன்னது பொய். எங்க வீட்ல ரெண்டு அடுப்பு. உப்புக்கு சண்டை போட்டுப் பிரிஞ்சோம். அடுப்பை சாக்கு போட்டு மூடி உங்களை ஏமாத்தினோம். இந்தப் பாத்திரம் மட்டும் இப்ப வந்து போகுது. ஒரே சமையல்னு நீங்க எழுதினா எழுதிக்குங்க. ஆனா இதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அதிகாரி பின்பக்கத்து அடுப்பைப் பார்த்தார், அதன் பக்கத்து டப்பாக்களைத் திறந்து பார்த்தார். முன்பக்கம் போய் மூத்தவளின் அரிசி, பருப்பு, பாத்திரங்களைப் பார்த்தார். மூத்தவளின் பானையிலிருந்து ஒரு சொட்டு கீரையை உள்ளங்கையில் விட்டு நக்கி முகம் சுளித்தார். திரும்பி வந்து நசுங்கிய பாத்திரத்திலிருந்தும் அப்படியே செய்தார். முகம் மலர்ந்தது.

"அங்க சப்புன்னு இருக்கு. இங்க உப்பு இருக்கு?"

"இவளுக்குன்னு தனியா எடுத்துப் போட்டேன்," என்றாள் மூத்தவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவ நாக்கு அப்படி."

மாமனார் மூச்சு வாங்க வந்து நின்றார். அதிகாரி அவரிடம், "ஐயா, நீங்க எந்த அடுப்பு?" என்று கேட்டார்.

"நான் டிக்கெட் இல்லாத பிரயாணிங்கம்மா. எந்த பஸ் முதல்ல வருதோ அதுல ஏறிக்குவேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அவர் பார்வை அடுப்புக்கு மேலிருந்த பலகைக்குப் போனது. அங்கே மூத்தவளின் இன்னொரு கிண்ணம், கழுவிக் கவிழ்க்காமல், உள்ளே ஒரு மாதுளையோடு இருந்தது.

"அது?"

"அதும் அக்காவோடதுதான். முந்தாநாள் வந்தது. வெறும் பாத்திரத்தை எப்படி மேடம் திருப்பிக் குடுக்கிறது? அதான் பழம் வாங்கி வெச்சேன்."

"சரிதான்," என்றார் அதிகாரி. "நானும் எங்க அம்மாவும் ஒரே அடுப்புலதான் ஆக்கித் திங்கிறோம். அவங்க பாத்திரத்துல நான் என்னிக்கும் பழம் வெச்சுக் குடுத்ததில்லை. ஒரே குடும்பத்துக்குள்ள யாரும்மா இவ்வளவு மரியாதை பாப்பாங்க? இது ரெண்டு வீடுதான்." எழுதிவிட்டுக் கிளம்பினார். "கிடைக்கிறதை நீயும் உன் பொண்ணும்தான் சாப்பிடணும். ஊருக்குப் பங்கு வெக்காதே."

அவர் தெருமுனையைத் தாண்டும்வரை காத்திருந்து மாமனார் இரண்டு விசில் ஊதினார். சத்தம் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

முதல் மாதத்து மூட்டை வந்த அன்று ஜிப்புவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலைக் கரைத்து மகளுக்குக் கொடுத்து, மீசை மாதிரி ஒட்டிய நுரையைத் துடைக்காமல் ரசித்தாள். முட்டைகளை அவித்துக் குழம்பு வைத்தாள். அதிகாரி சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் முதல் சமையல் அல்லவா? தனியாக ஒரு சின்னப் பானையில், மூத்தவள் வீட்டுக்கென்று, ரத்த அழுத்தக்காரருக்கு ஆகிற மாதிரி ஒரு கல் உப்பு கூடப் போடாமல் ஆக்கினாள். உப்பில்லாமல் சமைக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. நசுங்கிய பாத்திரத்தில் ஊற்றி, முன்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மூத்தவள் அதே பாத்திரத்தோடு வந்து நின்றாள். உள்ளே முட்டை அப்படியே இருந்தது.

"வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாதுன்னு நீதானே சட்டம் பேசினே? இந்தா, நிறைஞ்ச பாத்திரம். உக்காரு. என் கண்ணு முன்னாடி சாப்பிடு. அந்த அம்மா கேட்டா நான் பதில் சொல்ல முடியாது."

"நான் உங்களுக்குன்னு ஆக்கினதுங்க்கா."

"தெரியுது. நாக்குல வெச்சுப் பாத்தேன்." மூத்தவள் பாத்திரத்தை அவள் கையில் திணித்தாள். குரல் அதட்டலாக மாறியது. "பேசாம தின்னு."

ஊர்ப் பைக்கெல்லாம் ஜிப் வைக்கிறவள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து முட்டையைப் பிட்டு வாயில் வைத்தாள். உப்புப் போட்டிருந்தது.